தம்பிமார் செய்த வேலைநிறுத்தம்



பல்வங்கர் பாலு என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேட்டிருக்கமாட்டீர்கள். கிரிக்கெட் பணக்காரர் ஆட்டம், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம்.

பாலு தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியில் பிறந்தவர். தோல் வேலை அந்த ஜாதியின் தொழில். பூனாவில் ராணுவ அதிகாரிகள் கழித்துப்போட்ட பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு, அவரும் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினார்கள். பிறகு ஒரு பார்ஸி கிளப்பில் மைதானம் கூட்டும் வேலை, மாதம் ரூ. 3. அடுத்து வெள்ளையர் கிளப், ரூ. 4. உருளை இழுப்பார், வலை கட்டுவார், துரைமார் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசுவார். ஒரு நாளாவது மட்டையை அவர் கையில் கொடுத்தார்களா? இல்லை!

இவரில்லாமல் வெள்ளையரை ஜெயிக்க முடியாது என்று கண்ட பிறகுதான் பூனா இந்துக்கள் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில்! நம் டீக்கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

1906-ல் இந்து அணி வெள்ளையரைத் தோற்கடித்தது; அண்ணன் தம்பி இருவரும் ஆடினார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் தலைவர் பதவி கிடையாது.

1920-ல் வந்தது சோதனை. மதம் பார்த்து அணி பிரித்து நடத்திய போட்டி அது. (அந்த விஷமுறை 1946-ல்தான் ஒழிந்தது.) இந்து அணித் தலைவர் நோயுற்றார். பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமை, சிவராமுக்கும் இன்னொரு தம்பி விட்டலுக்கும் இளையவரான தேவ்தர் என்ற பிராமணருக்குப் போயிற்று.

பாலுவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தன்னந்தனியே அவர் என்ன செய்ய முடியும்? தம்பிகள் செய்தார்கள். “நாங்கள் ஆடமாட்டோம்” என்று சிவராமும் விட்டலும் வெளியேறினார்கள். சும்மா ஒதுங்கிப் போய்விடவில்லை. ஜாதியின் பேரால் எங்களுக்கு இழைத்த அவமானம் இது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். அணியில் தங்கள் இடமே போய்விடலாம். போகட்டும் என்று நின்றார்கள். வேலைநிறுத்தம் வேறு என்ன, தோழர்களே? ரத்த பாசம் மட்டுமா அது? மைதானத்தில் சேர்ந்து ஆடி, சேர்ந்து அவமானப்பட்டவர்கள் அவர்கள்.

நாலாபுறமும் கண்டனம் கிளம்பியது. நிர்வாகிகள் பணிந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் தம்பிகள் திரும்பினார்கள். பாலு துணைத் தலைவரானார். ஆட்டத்தின் நடுவே தலைவர் வெளியேற, தீண்டாதவர் என்று தள்ளியவர்களைப் பாலுவே வழிநடத்தினார்!

பிற்காலத்தில் 1937 தேர்தலில் அவர் டாக்டர் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். அதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அது வேறு விஷயம்.

1923-ல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு முறையாகக் கிடைத்திருக்கவேண்டிய பதவி அது. அந்த ஆண்டு இந்து அணி வென்றது. அதைக் கண்ணால் பார்க்கப் பாலு இருந்தார், 1955-ல்தான் மறைந்தார்.