ஒலங்கா கையில் கட்டிய கறுப்புப் பட்டை

ஹென்றி ஒலங்கான்னா நம்ம ஊர்ல பலருக்கும் ஞாபகம் வர்றது 1998 ஷார்ஜா ஃபைனல். சச்சின் அவரைப் பொளந்து கட்டின மேட்ச். ஆனா அவரை வேற ஒரு நாளுக்காகத்தான் ஞாபகம் வெச்சுக்கணும்.

2003 பிப்ரவரி 10, ஹராரே. உலகக்கோப்பையில் ஜிம்பாப்வேயோட முதல் மேட்ச். முகாபே ஆட்சியில் ஜனநாயகம் செத்துப்போச்சுன்னு அறிக்கை விட்டு, ஆண்டி ஃபிளவரும் ஒலங்காவும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு ஆடினாங்க.

ரெண்டு பேருமே நாட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு. ஃபிளவருக்கு அப்போ 34 வயசு. பிறகு இங்கிலாந்து கோச் ஆனார். ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரான ஒலங்காவுக்கு 26தான். கொலை மிரட்டல் வேற. அந்த உலகக்கோப்பையோட அவரோட இன்டர்நேஷனல் கரியர் முடிஞ்சுது.

பிளேயர்ஸ் ஏன் வாயே திறக்கறதில்லன்னு அடுத்த தடவை ட்வீட் போடறதுக்கு முன்னாடி, அந்த 26 வயசை ஒரு நிமிஷம் யோசிங்க.