பெரிய பிரேக் தட்டு போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?



ஓடுகிற காரை நிறுத்துவது எது என்று கேட்டால், பிரேக் என்று உடனே சொல்வோம். அது பாதி விடைதான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது பிரேக். சாலையைப் பிடித்துக் காரை நிறுத்துவது டயர். பெரிய பிரேக் தட்டு வாங்கக் காசை எடுப்பதற்கு முன் இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்களோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. பிரேக்கை மிதித்தால், இரு பக்கமும் உள்ள பிரேக் கட்டைகள் அதை நெருக்கிப் பிடிக்கின்றன. கதவைக் கீலின் அருகே தள்ளினால் கடினம். ஓரத்தில் தள்ளினால் எளிது அல்லவா? அதுபோல, கட்டை மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பதற்குப் பதில் 12 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதே மிதிக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும்.

ஆனால், நல்ல நிலையிலுள்ள சாதாரணப் பிரேக்கே, அழுத்தி மிதித்தால் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். அதற்குமேல் பிரேக்கின் பலத்தைக் கூட்டிப் பயன் என்ன? டயர் வழுக்கத்தான் செய்யும். மொட்டை டயரும் மழையில் நனைந்த சாலையும் சேர்ந்தால், எவ்வளவு பெரிய தட்டும் நம்மைக் காப்பாற்றாது.

அப்படியானால் பெரிய தட்டால் பயனே இல்லையா? உண்டு. அது சூட்டைத் தாங்கும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது எழும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது 1,000 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. 1,000 மீட்டர் இறக்கத்தைப் பிரேக்கை மட்டுமே நம்பிக் கடந்தால், அப்படி 31 முறை நிறுத்திய சூடு அதில் ஏறும். கட்டைகள் பிடியை இழக்கலாம். பிரேக் எண்ணெய் கொதித்தால், மிதிகட்டை அடிவரை போகும், கார் நிற்காது. கனமான பெரிய தட்டு மெதுவாகவே சூடேறும்.

இதே நன்மையைச் செலவில்லாமலும் பெறலாம். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தானியங்கிக் கியர் உள்ள காரிலும் தாழ்ந்த கியருக்கு மாற்ற வழியுண்டு. அப்போது இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கின் மீது காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தி மிதித்துக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள்.

கையில் இருக்கிற பணத்தை முதலில் நல்ல டயருக்கும், தேய்ந்த கட்டைகளுக்கும், உரிய காலத்தில் பிரேக் எண்ணெய் மாற்றுவதற்கும் செலவிடுவோம். வேகத்தையும் அடக்குவோம். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை எந்தத் தட்டும் மாற்றாது. குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் குடும்பத்தோடு வீடு திரும்ப வேண்டும்.