மேலே போகும் விவரமும் கீழே வராத விவரமும்



கல்வியாண்டு முடியும் ஏப்ரல் மாதத்தில் பள்ளியிலிருந்து மேலே போகும் விவரங்களுக்குக் கணக்கில்லை. மேலிருந்து பள்ளிக்கு, அங்கே வேலை பார்ப்பவரின் அடுத்த ஆண்டைப் பற்றி வந்து சேரும் விவரமோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. இந்த ஒருவழிப் போக்குக்கு நிர்வாகம் என்று பெயர் சூட்டுவதை எதிர்த்தே இப்பேச்சு நிகழ்கிறது.

தேர்ச்சிப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், விலையில்லாப் பொருள்களின் இருப்பு, பாடநூல் தேவை, கழிப்பறைகளின் எண்ணிக்கை என அத்தனையும் ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், அதாவது மாணவர், ஆசிரியர், பள்ளி ஆகிய மூன்றின் விவரங்களையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கும் அரசுத் தளத்தில், ஏற்றப்பட வேண்டும். ‘இன்று மாலைக்குள்’ என்று முடியும் உத்தரவுக்குப் பணிந்து, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கைப்பேசியுடன் பள்ளி வளாகத்தைச் சுற்றி வரும் தலைமையாசிரியரை, அருப்புக்கோட்டைப் பகுதியில் திருச்சுழிக்குக் கிழக்கே உள்ள எந்தச் சிற்றூரிலும் காணலாம்.

இந்த உத்தரவுகள் இறங்கி வரும் வழியான கல்வி மாவட்டம் என்பது பள்ளிகளை மேற்பார்வையிடுவதற்காக வருவாய் மாவட்டத்துக்குள் வகுக்கப்பட்ட பிரிவு. அருப்புக்கோட்டை அத்தகைய ஒரு பிரிவாக நெடுங்காலம் அறியப்பட்ட ஊர். அமெரிக்காவில் இதே பெயரால் குறிக்கப்படும் அமைப்பு பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே அது துறையின் ஒரு கூறு மட்டுமே, ஆகவே சென்னையில் வரையும் கோட்டுக்கேற்ப அது கூடும், குறையும். 2018-இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற தனிப் பணியிடம் நீக்கப்பட்டு, எல்லாப் பள்ளிகளும் மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவரின் கீழ் வந்தன. 2022-இல் தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று அவை மீண்டும் பிரிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளில் இருமுறை கூரை மாற்றியவர்கள், தேர்வுநிலை என்னும் உயர் ஊதிய நிலை கேட்டு விண்ணப்பித்த ஆசிரியரின் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதை அவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லரா?

அருப்புக்கோட்டையைச் சுற்றிய இந்த வறண்ட பூமியில் விவரம் வராமையின் விலை மற்ற இடங்களைவிடக் கூடுதல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர். ஆசிரியர் எண்ணிக்கையை முடிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் தொகை அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. நரிக்குடிப் பக்கத்தில் 61 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எண்ணிப் பார்க்கலாம்: மானாவாரி வெள்ளாமை பொய்த்து, சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவதற்கு வெளியூர் போன ஒரு குடும்பம் ஆகஸ்டுக்குள் திரும்பாவிட்டால், 61 என்பது 59 ஆகிறது, மூன்றாம் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார், பணிநிரவல் என்னும் பெயரில், அதாவது கூடுதலாகக் கருதப்படுபவரைப் பற்றாக்குறை உள்ள பள்ளிக்கு மாற்றும் ஏற்பாட்டில், அவர் வேறிடம் அனுப்பப்படுகிறார். மழை பெய்யாததற்கு அவர் பொறுப்பல்லர். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன செய்தி ஏப்ரலிலேயே எமிஸில் ஏறிவிட்டது. ‘உம் இடம் ஐயத்தில் இருக்கிறது’ என்ற மறுமொழியை அதே ஏப்ரலில் அவருக்கு அனுப்புவதற்குத் தடையாக இருந்தது எது?

நிரந்தரப் பணியாளரின் நிலையே இதுவென்றால் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் சொல்லியாக வேண்டும். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றைக் கற்பிக்க 2012-இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளோ ஆண்டு ஊதிய உயர்வோ இல்லாத ஒட்டுமொத்தத் தொகையில், எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பல்லாண்டுகள் மே மாதச் சம்பளமே இல்லை. பள்ளிக்குக் கோடை விடுமுறை உண்டு, சரி; வீட்டு வாடகைக்கும் பலசரக்குக் கடைக்கும் கோடை விடுமுறை விட்டவர் யார்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு நிறுத்தியபோது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் உள்ளிட்ட அத்திட்டப் பணியாளர்கள் தங்கள் சம்பளத்தின் கதியைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. தில்லியின் பிடிவாதம் கண்டனத்துக்குரியது. அதைச் சொல்லிக்கொண்டே தன் பணியாளருக்கு ஒரு வரி எழுதாத மாநில நிர்வாகமும் அந்தக் கண்டனத்திலிருந்து தப்ப முடியாது.

‘குரூப்பில் போட்டாச்சே’ என்பது அலுவலகங்களின் ஆயத்த விடை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் விழும் படம் அறிவிப்பு ஆகாது. அதில் தேதி தெரிந்தால் கையெழுத்து தெரியாது, கையெழுத்து தெரிந்தால் இணைப்பு திறக்காது. சத்துணவுச் சமையலரும் பள்ளித் தூய்மைப் பணியாளரும் அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று கேட்டால் அதற்கும் விடை கிடைக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுபவருக்குக் காரணத்தைக் கூற வேண்டும் என்று, எவரும் மனுப் போடாமலே, பொது அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. கலிபோர்னியாவில், அடுத்த ஆண்டு ஓர் ஆசிரியரின் பணி குறைக்கப்படலாம் என்றால், அதை மார்ச் 15-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டமே நாள் குறித்திருக்கிறது. அங்கும் வேலை பறிபோகிறது. ஆனால் முன்கூட்டி, காரணத்துடன், காகிதத்தில்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் குறிக்கத்தக்க நாள். அதைக் கணக்கிட ஆள் எதற்கு? கல்வியாண்டின் இடையில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டிறுதிவரை மறுநியமனம் உண்டா என்பதையும், 1.4.2003 முதல் சேர்ந்தவரின் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்பதையும், உபரிப் பட்டியலில் பெயர் வர வாய்ப்புண்டா என்பதையும், தொகுப்பூதியக்காரருக்கு ஜூனில் வேலை தொடர்கிறதா என்பதையும் பெயர், தேதி, கையெழுத்துடன் ஒரே தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாள் ஏப்ரல் 15-க்குள் ஒவ்வொரு பணியாளர் கையிலும் ஒப்புகை பெற்று வழங்கப்பட வேண்டும். அது வரும்வரை, ‘இன்று மாலைக்குள்’ என்று முடியும் எந்த உத்தரவுக்கும், ‘எங்களுக்குரிய விவரம் எப்போது?’ என்ற கேள்வியைச் சேர்த்தே அருப்புக்கோட்டைப் பள்ளிகள் பதில் அனுப்பட்டும்.