காற்றும் பஞ்சாங்கமும்

(கடற்கரைக் கிராமமொன்றில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியதன் சாரம்)



என்னைப் பேசச் சொன்ன விஷயம் காற்று. "காற்றைப் பற்றி எங்களுக்கா சொல்ல வந்தாய்?" என்று பெரியவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். நியாயந்தான். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று உங்களிடந்தான் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மூடநம்பிக்கையல்ல, கண்ணால் பார்த்து, தப்பினால் திருத்தி, தலைமுறையாய்ச் சேர்த்த அறிவு. ஆனால் இவ்வளவு அறிவுள்ளவர்கள் கடலுக்குப் போகும் நாளைப் பஞ்சாங்கத்தில் தேடுவதும், காற்று முறுகினால் அது வாயு பகவான் கோபம் என்பதும் ஏன் என்றுதான் கேட்கிறேன். புண்ணிய தீர்த்தம் என்று ஜனங்கள் மூழ்கி எழுந்த தனுஷ்கோடியையே 1964 டிசம்பரில் புயல் அழித்துவிட்டது. வந்த ரயிலும் பிரயாணிகளோடு போயிற்று. அங்கே பூசையில் என்ன குறைவு?

அது கிடக்கட்டும். பஞ்சாங்கத்தை விட்டவர்களும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்று வானிலை நிலையத்தார் சொல்லுகிறார்கள். நாம் 45 என்ற முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, "இதைவிடப் பார்த்திருக்கிறோம்" என்று வலையைத் தூக்குகிறோம். ஆளைக் கவிழ்ப்பது அந்தக் கடைசி எண்!

ஏன் என்றால், முதலில் சொன்னது சராசரி. நம் நாட்டில் மூன்று நிமிஷக் காற்றைக் கூட்டிப் பங்கிட்டு அந்தக் கணக்கைச் சொல்லுகிறார்கள். வீச்சு என்பதோ சில வினாடிச் சங்கதி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. ஆகவே 45க்கும் 65க்கும் வித்தியாசம் வெறும் இருபது என்று எண்ணாதீர்கள். படகின் மேல் விழும் அடி ஏறக்குறைய இரட்டிப்பு.

இந்த வீச்சு எங்கிருந்து வருகிறது? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கீழே ஓடுகிற காற்று மரம், வீடு, அலை எல்லாவற்றிலும் உரசித் தளர்கிறது. மேலே தடையில்லாததால் விரைந்து ஓடுகிறது. இரண்டும் சுழன்று கலக்கும்போது மேற்காற்று ஒரு கவளம் கீழே விழுகிறது. தரை காய்ந்த பகலில் இந்தக் கலக்கம் அதிகம். இடிமேகத்தில் வேறு விதம். மழையால் குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று இறங்கி நாலாபுறமும் பரவுகிறது. மழைக்கு முன்னே சில்லென்று ஓர் அடி அடிக்கிறதே, அதுதான். தண்ணீரின் மேல் கருத்த திட்டு ஒன்று ஓடி வருவதைக் கண்டு பாயை இறக்குகிற கிழவருக்கு இந்தக் காரணம் தெரியாதிருக்கலாம். அவர் கண் மட்டும் தப்புவதில்லை.

அப்படியானால் அறிக்கை எதற்கு என்பீர்கள். கிழவர் கண் எட்டும் தூரம் எவ்வளவு? 2017 நவம்பர் 29ந் தேதி தாழ்வு மண்டலமாயிருந்த ஒக்கி மறுநாளே புயலாகிவிட்டது. குமரிக் கரையிலிருந்து பல நாள் முன்னமே ஆழ்கடல் போயிருந்தவர்களுக்கு எந்த அறிக்கை எட்டியது? மாண்டவர்கள் கடலறியாதவர்களா? எண்ணைக் கணித்தால் மட்டும் போதாது; அது படகுக்குப் போய்ச் சேரவேண்டும். தொலைவு போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவியின்றிப் போகக்கூடாது; அதைச் சர்க்காரிடம் கேட்டு வாங்க வெட்கப்படவும் கூடாது. கோவிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிறோமே!

இந்தக் கிராமத்துக்கு ஒரு காரியம் சொல்லி உட்காருகிறேன். படகுத்துறையில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினம் மாலையில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். வீச்சின் எண்ணை மேலே, பெரிதாக. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் இவ்வூரில் இருக்கிறார்கள், அவர்களே எழுதட்டும். பலகைக்கான பணத்தை இக்கூட்டம் கலையுமுன் சேர்த்துவிடலாம்.