நோட்டின் கடைசிப் பக்கம்

தலைப்பு: சித்திரக்கதை ஓவியரின் பெருமையைச் சொல்வது பேர் வாங்கித் தந்த படைப்பா, பேர் தெரியாத முதல் படைப்பா?

(‘முதல் படைப்பே’ அணியின் இரண்டாவது பேச்சு)



நான் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். எங்க பீரியடை எப்பவும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போயிடுவார். கணக்கு வாத்தியாராச்சே, ஒரு நாளாவது திருப்பித் தரணுமில்ல? தந்ததே இல்ல! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மா கேட்டாங்க, “பழம் இருக்கும்போது பிஞ்சை யாருங்க தொடுவா?”ன்னு. அம்மா, நீங்க காய்கறிக் கடைக்குப் போனதே இல்லையா? வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பார்த்து, பிஞ்சாத்தானே பொறுக்குறீங்க! (கைதட்டல்)

விக்கிரமாதித்தன் என்றதும் உங்க கண்ணுக்கு என்ன தெரியுது? கையில் உருவின வாள், தோளில் பிணம், சுடுகாடு. ‘அம்புலிமாமா’வில் அந்தப் படத்தை நம்ம மனசில் பதிய வைத்தவர் ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924இல் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 2020இல் மறைந்தார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

நான் கேட்கிறேன். அவர் அம்புலிமாமாவில் சேர்ந்தது 1952. ஓவியக் கல்லூரி முடித்து வேலைக்கு வந்தது 1946. நடுவுல ஆறு வருஷம் என்ன செய்தார்? ‘கலைமகள்’ பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். வேதாளத்தைத் தெரிந்த நமக்கு அந்த ஆறு வருஷத்துப் படத்தில் ஒண்ணாவது ஞாபகம் இருக்கா? அந்த ஆறு வருஷம் கை பழகாமலா வேதாளம் அவ்வளவு லாவகமா ராஜா தோளில் ஏறிச்சு?

எங்க ஊரில் காப்பிக் கன்று நட்டால் காய்க்க மூணு, நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் களை எடுக்கிறோம், நிழல் பார்க்கிறோம். காய்க்கலையேன்னு பிடுங்கி எறியறதில்ல.

ஆர்.கே. லட்சுமணனை எடுத்துக்குங்க. அவருடைய சாமானியன் வந்தது 1951இல். அதற்கு முன்னாலேயே, மைசூரில் மாணவராக இருந்தபோது, அண்ணன் ஆர்.கே. நாராயண் ‘தி ஹிண்டு’வில் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். ‘கொரவஞ்சி’ என்ற கன்னட நகைச்சுவைப் பத்திரிகைக்கு வரைந்தார். பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி இவருக்கு இடம் இல்லைன்னு சொல்லிடுச்சு. யாரும் மதிக்காத அந்தக் காலத்தில் பேனாவைக் கீழே வைக்காம இருந்தாரே, அது பெருமையா? ஊரே மதிச்ச பிறகு வரைஞ்சது பெருமையா?

எதிரணியினர் சூப்பர்மேனைக் காட்டினாங்க. ரொம்ப நன்றி! ஜெர்ரி சீகல் எழுதி, ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேன் வந்தது 1938. அதே ரெண்டு பேரும் 1935இல் ‘டாக்டர் அக்கல்ட்’ என்று பேய் பிசாசைத் துரத்தும் துப்பறிவாளர் கதை போட்டார்கள். 1936இல் அந்த டாக்டர் முதுகில் மேலங்கி கட்டிக்கொண்டு பறக்கிறார்! சூப்பர்மேன் பறக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். (கைதட்டல்)

இந்த முதல் படைப்பெல்லாம் இன்னைக்கு எங்கே? நம்ம வீட்டில் இருந்ததை எடைக்குப் போட்டுட்டோம். எங்க மலையில் மிச்சத்தை மழைக்காலத்துப் பூசணம் தின்னுச்சு. கோட்டையூர் ரோஜா முத்தையா என்று ஒருத்தர், அவரே விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், பழைய புத்தகம், பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் மறைந்தார். அவர் சேர்த்ததுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆச்சு. ஒரு தனி மனுஷர் குப்பைன்னு நினைக்காததால மிஞ்சிய சொத்து அது.

அடுத்தவங்களைச் சொல்லிட்டுப் போறது சுலபம், ஐயா. நானும் குற்றவாளிதான். பதினைஞ்சு வருஷம் முன்னாடி, ஏழாம் வகுப்பு. போர்டில் ரோஜாப்பூ போட்டு, பார்த்து வரையச் சொன்னேன். ஒரு பையன் மட்டும் நோட்டைத் திருப்பி வச்சுக் கடைசிப் பக்கத்தில் என்னமோ கிறுக்கிக்கிட்டிருந்தான். கட்டம் கட்டமா ஒரு கதை. வத்தலக்குண்டு பஸ் மலை ஏறுது. வளைவில் காட்டுமாடு நிக்குது. கடைசிக் கட்டத்தில் அந்தக் காட்டுமாடு சீட்டில் உக்காந்து டிக்கெட் வாங்குது! நான் சிரிச்சிருக்கணும். நான் கிழிச்சேன்.

அதுக்கப்புறம் அவன் ரோஜாப்பூ மட்டும்தான் வரைஞ்சான். இன்னைக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். உழைச்சுப் பிழைக்கிறான், அதில் குறை ஒண்ணும் இல்ல. போன மாசம் பார்த்தப்போ, “வரையறியாப்பா?”ன்னு கேட்டேன். “எனக்கு எங்க சார் வரைய வரும்?”னான். அவன் மறந்துட்டான், ஐயா. நான் மறக்கல.

நடுவர் அவர்களே, பேர் வந்த படைப்புதான் பெருமைன்னு நீங்க தீர்ப்பு சொன்னா, ஊரில் இன்னும் நூறு வாத்தியார்கள் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பாங்க. முதல் படைப்பே என்று சொல்லுங்க. ஒரு பையனாவது பிழைப்பான். தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் பிள்ளையோட நோட்டில் மார்க்கைப் பார்க்கறதுக்கு முன்னால, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

 (பலத்த கைதட்டல்)