கடவுட் பற்றும் இயற்பியலும்



கடவுட் பற்றும் இயற்பியல் நெறிகளும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே நிற்கவியலுமா? நிற்கும் என்பதற்குப் பெல்சிய நாட்டு இலெமைத்தர் சான்றாவார். அவர் கத்தோலிக்க அருட்டந்தை, இயற்பியல் பேராசிரியருமாவார். அண்டம் விரிந்து செல்கின்றதென ஐன்சுடீனின் சமன்பாடுகளைக் கொண்டு 1927-இல் கணித்துக் காட்டினார். அவ்விரிவு முதலணு ஒன்றினின்று தொடங்கியிருத்தல் வேண்டுமென 1931-இல் உரைத்தார்.

1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு, அறிவியலே படைப்பிற்குச் சான்று பகர்வதாக மகிழ்ந்து பேசினார். இலெமைத்தர் களித்தாரா? இல்லை! அஃது இயற்பியற் கருதுகோள். சமய வினாவிற்கு அஃது அப்பாற்பட்டது என்பதே அவர் நிலை. கருதுகோளைக் கடவுளுக்கு முட்டுக்கொடுத்தால், அது பொய்க்கும் நாளில் கடவுளும் உடன் சாய்வாரன்றோ?

அக்கொள்கைக்கு வலுவூட்டியது திருத்தந்தையின் வாழ்த்தன்று. 1965-இல் வெளியான அண்ட நுண்ணலைக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்பே!

புத்துண்மை ஒவ்வொன்று வெளிப்படுந்தோறும், 'இஃது எம் சமய நூலில் அன்றே உளது' என நம் நாட்டில் முழங்குவோர் இதனை எண்ணுக. பண்டைத் தமிழ் நூல்களின்மேல் அவ்வாறு ஏற்றியுரைக்கும் நம்மவரும் எண்ணுக.

நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. ஆயின், இயற்பியலை எவரும் ஊன்றுகோலாக்கற்க! அறிவிற்குச் சான்று ஆய்வொன்றே!