மரத்திலிருந்து உலோகத்துக்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் தம் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழியர் நால்வர் பல வருடங்களாக விடுமுறை நாட்களில் மரவேலை செய்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். சபுக்குப் பலகையில் நாங்கள் செய்த புத்தகத் தட்டுகள் சிலரது வீடுகளில் இருக்கின்றன. நாற்பதைக் கடந்த பின் இப்போது செம்பு, பித்தளை வேலை பழகுகிறோம். "டொக்டர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் இது என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு இன்று பதில் சொல்கிறோம்.

மரத்துக்கு நாரோட்டம் உண்டு. சீவுளியை எப்பக்கம் தள்ள வேண்டும் என்று அதுவே காட்டும். எமது மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கூடுதலாகச் சீவினால் போனது போனதுதான். செம்பு வேறு விதம். அதைத் தட்டித் தட்டியே நகர்த்த வேண்டும். தட்டத் தட்ட இறுகும். விடாமல் தட்டினால் வெடிக்கும். மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கினால் மறுபடி இளகும். ஒரு சிறு கிண்ணத்துக்கே பல தடவை அடுப்புக்குப் போக வேண்டும். எலும்பு முறிவுக்கு வைக்கும் தகட்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்கக் கூடாது என்று எங்களில் வைத்தியர்கள் படித்திருந்தோம். அதன் காரணத்தைக் கை அறிந்தது பட்டறையில்தான்.

பழக விரும்புவோருக்கு வைத்தியர்களாக ஒரு சொல். நாகம் பூசிய இரும்புக் குழாயைச் சூடாக்க வேண்டாம். பித்தளையை வீட்டில் உருக்கவும் வேண்டாம். நாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்; சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றே தோன்றும். கட்மியம் கலந்த பற்றாசு அதைவிட ஆபத்தானது. கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

உலோகம் மலையகத்துக்குப் புதிதல்ல. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் எழுந்த தொழிற்சாலைகளில் ரோலர்களைப் பழுதுபார்த்தவர்களில் எங்கள் தாத்தாமாரும் இருந்தார்கள். கவ்வாத்துக் கத்தியின் கூர் அவர்கள் கையில் இருந்தது. எங்கள் அம்மாமார் கூடை சுமந்தார்கள். மகள் கையில் பேனைதான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை நியாயமானது. நாட்கூலிக்காகச் செய்யும் வேலையும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விரும்பிச் செய்யும் வேலையும் ஒன்றல்ல. அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் தாத்தாவின் கைத்திறனைப் பேத்தியும் பழகலாம் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டறைக் கதவு எமக்குத் திறக்கவே இல்லை.

பிலிமத்தலாவையில் வீதியோரக் கடைகளில் பித்தளை விளக்குகளை நாம் எல்லோரும் வாங்கியிருப்போம். அதைச் செய்யும் அறிவு எவ்வளவு பெரியது என்பது முதல் கிண்ணம் கோணலாக வந்தபோது விளங்கியது. பதவியும் அனுபவமும் வந்த வயதில் மறுபடி முதலாம் வகுப்பில் உட்காருவது நல்லது. நோயாளிக்கும் மாணவிக்கும் ஒன்றை விளக்கும்போது பொறுமை கூடுகிறது.

இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் ஓர் அறை, ஒரு வேலைமேசை, இரண்டு வைஸ், பாதுகாப்புக் கண்ணாடிகள் போதும். கருவிகளை நாங்கள் தருகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்கவும் தயார். பத்து மாணவிகள் வந்தாலும் சரி, ஒருத்தி வந்தாலும் சரி, தொடங்குவோம்.